வெயில் போயிடுச்சு... வெக்கை ஏன் போகல? உங்க ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வெப்பக் கணக்கு!

மே மாசம், மணி ராத்திரி 11. ஃபேன் ஃபுல் ஸ்பீடுல ஓடுது. ஆனா, கீழே வர்ற காத்து ஹேர் ட்ரையர் காத்து மாதிரி இருக்கு. தலையணையைத் திருப்பிப் போட்டா ரெண்டு நிமிஷம் ஜில்லுனு இருக்கு. அப்புறம் அதுவும் சுடுது. போனை எடுத்து வெதர் ஆப்பைப் பார்த்தா, '31 டிகிரி'ன்னு காட்டுது. 'வெறும் 31-க்கா இந்தப் பாடு?'னு தோணுதா?

சென்னையில் மொட்டை மாடிக்குக் கீழே குடியிருக்கும் எல்லாருக்கும் இது பழகின கதைதான். வெயிலைப் பற்றிப் பேசும்போது நாம பகல் நேர உச்சத்தை மட்டும்தான் பேசுறோம். '40-ஐத் தொட்டுடுச்சு'ன்னு ஸ்டேட்டஸ் வைக்கிறோம். ஆனால், பகலில் வாங்கிய சூட்டிலிருந்து உடம்பு மீண்டு வரவேண்டிய நேரம் ராத்திரி. அந்த நேரமும் கிடைக்கலைன்னா, மறுநாள் வெயிலைச் சந்திக்கும்போது உடம்பு ஏற்கெனவே களைத்துப் போயிருக்கும்.

தலைக்கு மேல ஒரு தோசைக்கல்!

அடுப்பை அணைச்ச பிறகும் தோசைக்கல் கொஞ்ச நேரம் சுடுமில்லையா? உங்க வீட்டு கான்கிரீட் கூரையும் அப்படித்தான். காலையிலிருந்து வெயிலை வாங்குது. அந்த வெப்பம் மெதுவா கீழே இறங்குது. அது உங்க ரூமின் உட்கூரைக்கு வந்து சேர சில மணி நேரம் ஆகும். அதாவது, வெளியே சூரியன் மறையும்போதுதான் உள்ளே சூடு ஏறுது. அங்கிருந்து கதிர்வீச்சாக நேரா உங்க மேல இறங்குது. ஃபேன் என்ன பண்ணுது? கூரையை ஒட்டி நிற்கிற சூடான காற்றையே கீழே தள்ளுது.

தெருவிலும் இதே கதைதான். தார் ரோடும் சுவர்களும் பகல் சூட்டை ராத்திரி முழுக்க வெளியே விடுகின்றன. நெருக்கமான தெருக்களில் ஒரு சுவர் விடும் வெப்பத்தை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்கிறது. ஏசி மெஷின்கள் வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தையும் சேர்த்துத் தெருவில் கொட்டுகின்றன. ஏசி வாங்க முடிஞ்சவர் ரூமின் சூடு, வாங்க முடியாதவர் ஜன்னலுக்குப் போகுது.

மரமும் ஏரியும் இருக்கும் இடத்தில் கணக்கு வேற. அங்கே வெயிலின் ஒரு பகுதி, தண்ணீரை ஆவியாக்கச் செலவாகிடும். 1 லிட்டர் தண்ணீரை 0-விலிருந்து 100 டிகிரி வரை சூடாக்கத் தேவையான வெப்பத்தைப்போல, அதை ஆவியாக்க 5 மடங்குக்கும் மேல் வெப்பம் தேவை. ஒரு ஏரியை மூடி பிளாட் போடும்போது, காசு கேட்காம ஓடுற ஒரு பெரிய கூலரையும் சேர்த்துதான் மூடுறோம்.

கடல் நண்பனா, வில்லனா?

ரெண்டும்தான்! 1 கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடாக்க, 1 கிலோ கான்கிரீட்டுக்குத் தேவைப்படுவதைப்போல 4 மடங்குக்கும் மேல் வெப்பம் வேண்டும். அதனால் பகலில் நிலம் சீக்கிரம் சூடாகும். கடல் நிதானமா இருக்கும். நிலத்துக்கு மேல் சூடான காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வரும். அதுதான் நம்ம கடற்காற்று. மேற்குக் காற்று பலமா அடிச்சு, கடற்காற்று உள்ளே வர லேட்டானால் அன்னைக்கு சென்னை வறுபடும். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31-ல் 45 டிகிரி பதிவாகியிருக்கிறது.

ஆனா, கடற்காற்று சும்மா வர்றதில்லை. ஈரத்தையும் கொண்டு வருது. நம்ம உடம்பு குளிர்வது வியர்வை ஆவியாவதால்தான். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை வழியும், ஆனால் ஆவியாகாது. அந்த 31 டிகிரி அவ்வளவு கொடுமையா இருக்க இதுதான் காரணம். நிலம் வானத்துக்கு அனுப்பும் வெப்பத்தையும் அந்த நீராவி பிடித்து, ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

உலகம் சூடாவதால் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவிகிதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. காற்று 1 டிகிரி சூடானால், சுமார் 7 சதவிகிதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆக, கடலோர ஊர்களின் புழுக்கம் இனி கூடத்தான் வாய்ப்பு.

அரசுக் கணக்கில் ராத்திரி எங்கே?

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது தமிழ்நாடு அரசு. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. நல்ல விஷயம். ஆனால், 'வெப்ப அலை'யை எப்படி முடிவு செய்கிறார்கள்? கடலோர ஊர்களில் பகல் உச்சம் 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்கணும். 'வெப்ப இரவு'ன்னு ஒரு வகையும் இந்திய வானிலைத் துறையிடம் இருக்கிறது. ஆனால், அதற்குப் பகல் உச்சம் 40-ஐத் தொட்டிருக்கணும் என்பது விதி.

இப்போ யோசிங்க. பகலில் 38, ராத்திரி முழுக்க கசகசன்னு 31. சென்னையில் இது சாதாரணம். புழுக்கம் பற்றி எச்சரிக்கை வரலாம். 'வெப்ப இரவு' என்ற பட்டியலில் மட்டும் வராது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே படுத்துட்டு, காலையில் மறுபடி டெலிவரிக்கோ சித்தாள் வேலைக்கோ கிளம்புறவங்களுக்கு அந்தப் பட்டியல் முக்கியம். கணக்கில் வராத ராத்திரிக்குத் திட்டமும் வராது. தெலங்கானா 2023-லேயே குளிர்கூரைக்குன்னு தனிக் கொள்கை கொண்டுவந்தது. இங்கேயும் குடிசைமாற்று வீடுகளிலிருந்தே அதைத் தொடங்கலாமே!

இன்னைக்கு ராத்திரி என்ன பண்ணலாம்?

* மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அல்லது கூல் ரூஃப் பெயின்ட் அடிங்க. வெயிலைத் திருப்பி அனுப்பிட்டா, ராத்திரி இறங்குற சூடு குறையும். வாடகை வீடா? ஹவுஸ் ஓனர்கிட்ட தயங்காம கேளுங்க. கூரைக்கும் அது நல்லதுதான்.

* பகலில் வெயில் படும் ஜன்னல்களை மூடி, திரை போடுங்க. வெளியே காற்று குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறங்க. ஒரு டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வெச்சா சூடான காற்று வெளியேறும்.

* ரூமுக்குள் 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேனை மட்டும் நம்பாதீங்க. அது சூடான காற்றையே உடம்பில் அடிக்கும். உடம்பை ஈரத்துணியால் துடைங்க.

* வயதானவர்களுக்கு வியர்ப்பது குறையும், தாகமும் தெரியாது. ஊரில் தனியா இருக்கும் தாத்தா, பாட்டிக்கு ஒரு போன் போடுங்க. பேச்சு குழறினாலோ, குழப்பமா இருந்தாலோ, உடம்பு கொதிச்சாலோ யோசிக்காம 108-ஐக் கூப்பிடணும்.

அடுத்த முறை வெதர் ஆப்பைத் திறக்கும்போது, மேக்ஸிமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மினிமம் எண்ணையும் பாருங்க. நாளைக்கு உங்களால் எப்படி வேலை பார்க்க முடியும்னு அந்தச் சின்ன எண்தான் சொல்லும்.