கட்டச் சொல்வது ஜூலையில், கைக்கு வருவது மார்ச்சில்

மேலே படிக்கப் பணமில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் போதும், உடனே சுற்றி இருப்பவர்கள் ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் பட்டதாரி சலுகை இருக்கிறதே, போஸ்ட் மெட்ரிக் இருக்கிறதே, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், ஏழரை சதவீத ஒதுக்கீடு எல்லாம் இருக்கிறதே, அதுவும் இல்லாவிட்டால் பேங்கில் லோன் தருகிறார்களே என்கிறார்கள். எல்லாம் இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வணிகவியல் எடுக்கிறேன். ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து பிள்ளைகள் கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு என்னைத் தேடி வருகிறார்கள். எந்த உதவி யாருக்கு, எதற்கு என்ன சான்றிதழ் என்பது எனக்கு மனப்பாடம். எது எப்போது கைக்கு வரும் என்பதும் தெரியும். அதனால்தான் வயிறு எரிகிறது.

ஃபீஸ் கட்டக் கடைசி நாள் என்று கல்லூரி ஒரு தேதி சொல்கிறது. அந்தத் தேதி ஒரு நாளும் தள்ளிப்போவதில்லை. உதவித்தொகைக்கு மட்டும் தேதியே கிடையாது. பொங்கலுக்கு முன்னால் வந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் மார்ச். சில பிள்ளைகளுக்கு அந்தப் படிப்பாண்டே முடிந்த பிறகு வருகிறது. நடுவில் கிடக்கும் எட்டு மாதத்தை யார் தாங்குவது? ஊரிலேயே கையில் காசில்லாத குடும்பத்தைப் பார்த்து அந்தப் பாரத்தை ஏற்றுகிறோம். அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது. தோடு இல்லாத வீட்டில் குரூப் லோன் எடுக்கிறார்கள். அதுவும் ஏற்கெனவே எடுத்திருந்தால் மூணு வட்டிக்குக் கைநீட்டுகிறார்கள். 40,000 ரூபாயை மூணு வட்டிக்கு வாங்கி எட்டு மாதம் வைத்திருந்தால் வட்டி மட்டும் 9,600 ரூபாய். இந்த வட்டியை எந்த அரசும் திருப்பித் தருவதில்லை. முழுக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது என்று மேடையில் சொல்லும்போது இந்த 9,600 ரூபாயை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சுயநிதிக் கல்லூரியில் படித்தாலும் இவர்களுடைய கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012-இல் அரசாணை 92 வந்தது. எத்தனையோ வீடுகளில் முதல் இன்ஜினீயரை உருவாக்கிய ஆணை அது. 2020 டிசம்பரில் மத்திய அரசு ஆதிதிராவிடர்களுக்கான திட்டத்தில் 60 பங்கு தனக்கு, 40 பங்கு மாநிலத்துக்கு என்று பிரித்தது. தன் பங்கை நேராக மாணவரின் வங்கிக் கணக்கிலேயே போடுவதாகவும் முடிவெடுத்தது. பிள்ளைகள் பேரைச் சொல்லிக் கல்லூரிகள் பணத்தை விழுங்கிவிடக் கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் கல்லூரி ஆபீஸில் நடப்பது வேறு. முன்பெல்லாம் பாக்கி யாருக்கும் கல்லூரிக்கும் இடையில் என்றால், அரசுக்கும் கல்லூரிக்கும் இடையில். இப்போது பாக்கிக்காரி அந்தப் பதினெட்டு வயதுப் பெண். "நீ முதல்ல கட்டிடும்மா, ஸ்காலர்ஷிப் வந்தா அது உன் அக்கவுண்ட்லதானே விழப்போகுது, நீயே எடுத்துக்கோ" என்கிறார்கள். எதைக் கட்டுவது? கட்ட முடிந்தால் அவள் ஏன் விண்ணப்பிக்கப் போகிறாள்?

என்னிடம் படித்த ஒருத்தி, அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, தனியார் கல்லூரியில் கவுன்சலிங் மூலமாகவே சேர்ந்தாள். செமஸ்டர் தேர்வுக்கு முன்னால் வகுப்புக்கு ஆபீஸ் ஆள் ஒருவர் வந்து, "ஸ்காலர்ஷிப் கேஸெல்லாம் எழுந்திரிங்க" என்றாராம். அறுபது பேர் உள்ள வகுப்பில் எழுந்து நிற்பது யார், என்ன சாதி என்று அந்த ஒரு நிமிடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஹால் டிக்கெட் வேண்டுமானால் பாதியாவது கட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "டீச்சர், நான் இனிமே அந்த கிளாஸுக்குப் போக மாட்டேன்" என்று என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதாள். ஹால் டிக்கெட்டை நிறுத்திவைப்பதுகூட எனக்கு இரண்டாவதுதான். எழுந்து நிற்கச் சொன்னதற்கு யார் பதில் சொல்வது?

மத்திய அரசின் நெறிமுறையில் ஃப்ரீஷிப் கார்டு என்று ஒன்று எழுதியிருக்கிறது. அதைக் காட்டினால் முன்பணம் கேட்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், உதவித்தொகை கணக்கில் விழுந்த பிறகு மாணவர் கட்டினால் போதும். எழுத்தில் இருக்கிற அந்த அட்டையை எங்கள் பிள்ளைகள் ஒருவர் கையிலும் நான் பார்த்ததில்லை.

சரி, பணம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எந்தக் கணக்குக்கு வந்தது? இங்கே இன்னொரு கூத்து. திண்ணையில் அழுத அதே பெண்ணுக்கு இணையத்தில் பார்த்தால் பணம் வரவு வைக்கப்பட்டது என்று காட்டுகிறது. பாஸ்புக்கில் ஒரு ரூபாய் இல்லை. "ஆதார் லிங்க் பண்ணியாச்சுன்னு பேங்க்லயே சொன்னாங்க டீச்சர்" என்கிறாள். பேங்கில் சொன்னதும் பொய்யில்லை. கணக்கில் ஆதார் எண்ணைச் சேர்ப்பது ஒன்று, அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று வங்கிகளுக்கிடையிலான பணப் பரிமாற்றத்தைக் கவனிக்கும் என்பிசிஐயின் பட்டியலில் ஏற்றுவது வேறொன்று. கடைசியாக எந்த வங்கி அந்தப் பட்டியலில் ஏறியிருக்கிறதோ, அங்கேதான் பணம் போகும். எப்போதோ செல்போன் கடையில் சிம் கார்டு வாங்கும்போது விரலை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதோடு சேர்த்து ஒரு பேமென்ட்ஸ் பேங்க் கணக்கையும் திறந்திருக்கிறார்கள். அவளுக்குத் தெரியவே தெரியாது. பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. அந்த சிம்மும் இப்போது இல்லை. அதை மீட்க அவள் அலைந்த அலைச்சலில் இன்டர்னல் தேர்வே போய்விட்டது. விண்ணப்பிக்கும் நாளிலேயே உன் பணம் இந்த வங்கிக்குத்தான் போகும், சரியா என்று ஒரு வரி காட்டிக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

வருமான வரம்புக்கு வருவோம். போஸ்ட் மெட்ரிக்குக்கு ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பத்தாண்டுக்கு மேலாக இந்த எண் அசையவில்லை. அப்பா ஒரு நாளைக்கு 600 ரூபாய், அம்மா 300 ரூபாய், இருவருக்கும் மாதம் 25 நாள் வேலை என்று வையுங்கள். ஆண்டுக்கு 2,70,000. வரம்பைத் தாண்டிவிட்டார்கள். இவர்கள் வசதியானவர்களாம். 2019-இல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் என்று ஒதுக்கீடு கொண்டுவந்த அதே மத்திய அரசு, அங்கே 8 லட்சம் வரை நலிந்தவர் என்கிறது. கூலி வேலை செய்கிற ஆதிதிராவிடக் குடும்பம் 2.7 லட்சத்தில் வசதியாகிவிடுகிறது. இதில் என்ன நியாயம் என்று எத்தனை முறை யோசித்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. உள்ளதைச் சொன்னால் உதவி போய்விடும் என்று பயந்து, குறைத்துச் சொல்லும் நிலைக்கு நேர்மையான மனிதர்களைத் தள்ளுகிறோம். பிறகு விஏஓ முன்னால் அவர்கள் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இதைவிட எனக்கு ஆத்திரம் வருவது ஏப்ரல் மாதத்தில். கடைசித் தேர்வு முடிந்து மை காய்வதற்குள் கன்சல்டன்சி ஆட்கள் ஊருக்குள் வந்துவிடுகிறார்கள். "ஒரு பைசா கட்ட வேண்டாம், ஸ்காலர்ஷிப் எல்லாம் நாங்களே வாங்கித் தர்றோம்" என்று சொல்லி, மதிப்பெண் பட்டியல் வந்ததும் ஒரிஜினலை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பிள்ளை நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்திருப்பது வீட்டில் யாருக்கும் புரியாது. முதல் பட்டதாரி சலுகை கலந்தாய்வில் சேருபவர்களுக்கு மட்டும்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத இடமும் கலந்தாய்வில்தான். அதில் கிடைத்துவிட்டால் படிப்புக் கட்டணம், விடுதி, கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசுடையது. போஸ்ட் மெட்ரிக்கும் நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. ஒரே கையெழுத்தில் மூன்றும் போய்விடுகிறது. இரண்டாம் ஆண்டில் கல்லூரி முழுக் கட்டணம் கேட்கும்போதுதான் அப்பா ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். படிப்பை விடுகிறேன், சான்றிதழைக் கொடுங்கள் என்றால் மிச்ச ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்கிறார்கள். மாணவரின் அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-இலேயே சொல்லிவிட்டது. அந்த அறிவிப்பை அச்சடித்துக் கையில் கொடுத்து அனுப்பியும் பார்த்துவிட்டேன். எங்களுக்கு முன்னால் யுஜிசி எம்மாத்திரம் என்கிற மாதிரிதான் பதில் வருகிறது.

முதல் பட்டதாரி சலுகையிலேயே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அண்ணன் பி.ஏ. முடித்துவிட்டு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் பட்டம் வாங்கிவிட்டான் என்பதால் தங்கைக்குச் சலுகை இல்லை. வீட்டு நிலைமை ஓர் இம்மிகூட மாறவில்லை, சலுகை மட்டும் போய்விட்டது.

வங்கிக் கடனைப் பற்றி விளம்பரத்தில் கேட்டால் தேனாக இருக்கிறது. 4 லட்சம் வரை பிணை வேண்டாம். 7.5 லட்சம் வரை கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து தொழிற்படிப்பு படித்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு கட்டும். கிளைக்குள் போய் நின்றால் முதல் கேள்வி, "செக்யூரிட்டி என்ன வெச்சிருக்கீங்க?" அடுத்தது, "உங்க ஊரு எங்க சர்வீஸ் ஏரியாவே இல்லையே, அந்த பிராஞ்சுக்குப் போங்க." சர்வீஸ் ஏரியா காரணம் சொல்லிக் கல்விக் கடன் விண்ணப்பத்தைத் திருப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-இல் சுற்றறிக்கையே அனுப்பியிருக்கிறது. அதைச் சொன்னால் சிபில் என்கிறார்கள். சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காக மாணவருக்குக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. இங்கே அப்பா என்றைக்கோ வாங்கிய வண்டிக் கடனில் இரண்டு தவணை தவறியதற்கு மகளை வெளியே அனுப்புகிறார்கள். 2024 நவம்பரில் வந்த பிஎம் வித்யாலட்சுமியில் பிணையும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம் என்றார்கள். ஆனால் அது தரவரிசையில் மேலே இருக்கும் கல்லூரிகளுக்கு மட்டும். எங்கள் பிள்ளைகள் சேருகிற கல்லூரிகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இல்லை.

ஒன்றை மனதார ஒப்புக்கொள்கிறேன். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். மாதம் 1,000 ரூபாய்தான். ஆனால் அது மாதாமாதம் வருகிறது. அந்தப் பிள்ளை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எங்கே படித்தாள் என்பது பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்கெனவே இருக்கிறது, கல்லூரியிலிருந்தே பதிவு செய்கிறார்கள், தாசில்தார் ஆபீஸில் போய் நிற்க வேண்டியதில்லை, வருமானச் சான்றிதழும் கேட்பதில்லை. பஸ்ஸுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் வீட்டில் கையேந்தாமல், தன் பெயரில் உள்ள ஏடிஎம் கார்டில் எடுக்கிறாள். அந்தப் பெண்கள் பேசும் தோரணையே மாறிவிட்டது, நான் கண்ணால் பார்க்கிறேன். 1,000 ரூபாயை நேரத்துக்கு அனுப்பத் தெரிந்த நிர்வாகத்துக்கு 40,000 ரூபாயை நேரத்துக்கு அனுப்பத் தெரியாதா? அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

நான் கூடுதலாக ஒரு ரூபாய் கேட்கவில்லை. உதவித்தொகைக்குத் தகுதியுள்ள பிள்ளையிடம் கல்லூரி பணமே கேட்கக் கூடாது, தாமதமானால் அரசைக் கேட்கட்டும். மீறிக் கேட்கும் கல்லூரிமேல் யாராவது ஒரு முறையாவது நடவடிக்கை எடுக்கட்டும். சான்றிதழ் வேலையை ரிசல்ட்டுக்குப் பிறகு இ-சேவை மையத்து வரிசையில் விடாமல், ஜனவரியிலேயே பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து முடித்துக் கொடுக்கட்டும். இப்போது என் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளின் பெயர், சாதி, ஆதார் எண், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் நாங்களே எமிஸில் ஏற்றி வைத்திருக்கிறோம். அடுத்த ஜூலையில் அதே விவரத்தை மறுபடி நான்கு இடத்தில் கொண்டுபோய்க் கொடு என்று இவர்களை அலையவிடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.