மூன்று மலைகளும் மூன்று படிகளும்

பொருளைத் தேடுவதில் மக்கள் காட்டும் ஊக்கத்தை அதனைப் பேணுவதில் காட்டுவதில்லை. நெல்லை விளைவித்தவன் குதிர் அமைக்கிறான். நகை வாங்கியவன் பூட்டும் சாவியும் தேடுகிறான். ஆயினும், நாள்தோறும் எடுத்துக் குவிக்கும் நிழற்படங்களை எங்கே வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. மணவிழாக் காட்சியும், மறைந்த பாட்டனாரின் முகமும், குழந்தையின் முதல் நடையும் ஒரே கைப்பேசிக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அக்கைப்பேசி கிணற்றில் விழுந்தால் அவை அனைத்தும் அதனோடு மறைந்துபோகும். இதனைத் தடுக்கும் வழி யாது? அவ்வழியைச் செஞ்சிக் கோட்டை நமக்குச் சொல்லித் தருகிறது.

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது செஞ்சி நகரம். அங்கே இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகள், பாறைமேல் பாறையை அடுக்கி வைத்தாற்போல் எழுந்து நிற்கின்றன. நெடிய மதில்கள் அவற்றை இணைக்கின்றன. எனினும், ஒவ்வொரு குன்றும் தனக்கெனக் காவல் உடைய தனிக் கோட்டையாகும். பகைவர் ஒன்றைக் கைப்பற்றினும் மற்றவை எதிர்த்து நிற்கும். மூன்றையும் வென்றாலன்றிச் செஞ்சியை வென்றதாகாது. ஒரே மதிலை நம்பி நாட்டை ஒப்படைத்தல் அறிவுடைமை அன்று என்பதனை இக்கோட்டையைக் கட்டியோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

இதனினும் சிறந்த பாடம் ஒன்று செஞ்சியின் வரலாற்றில் உண்டு. 1677ஆம் ஆண்டில் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றி, அதன் அரண்களை வலுப்படுத்தினார். அவருடைய தலைநகரமாகிய இராய்காட், இங்கிருந்து பன்னூறு கல் தொலைவில் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்தது. 1689ஆம் ஆண்டில் இராய்காட் மொகலாயர் கைக்குள் வீழ்ந்தது. அப்பொழுது சிவாஜியின் இளைய மகன் இராஜாராம் தெற்கே வந்து, செஞ்சியையே தம் இருப்பிடமாகக் கொண்டார். மொகலாயர் தொடர்ந்து வந்து முற்றுகையிட்டனர். 1698ஆம் ஆண்டில் செஞ்சியும் வீழ்ந்தது. ஆனால், அதற்குள் இராஜாராம் தப்பித் தம் நாட்டிற்குத் திரும்பிவிட்டார். மராட்டிய அரசு அழியவில்லை. தலைநகரம் ஒன்று போனபோது, தொலைவில் மற்றோர் அரண் காத்திருந்ததே அதற்குக் காரணமன்றோ?

அரசுக்குப் பொருந்தும் இவ்வுண்மை ஏட்டுக்கும் பொருந்தும். பனையோலை நெடுங்காலம் நில்லாது. செல்லும் பூச்சியும் அதனை அரித்துவிடும். ஆகவே, நம் முன்னோர் பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் படியெடுத்து வைத்தனர். மடங்களிலும் புலவர் வீடுகளிலும் அப்படிகள் பரவிக் கிடந்தமையால்தான், உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடுகளைத் திரட்டி, ஒப்புநோக்கி, 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியையும் 1894ஆம் ஆண்டில் புறநானூற்றையும் பதிப்பிக்க முடிந்தது. ஐம்பெருங் காப்பியங்களுள் எண்ணப்படும் வளையாபதிக்கும் குண்டலகேசிக்கும் அப்பேறு வாய்க்கவில்லை. சில செய்யுட்களே எஞ்சின. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சு நூல்களுட் பலவற்றை மீண்டும் வாங்கலாம். வேறெங்கும் படியில்லாத ஏட்டுச் சுவடியை யார் மீட்டுத் தருவார்?

நிழற்படத்தின் நிலையும் இத்தகையதே. முற்காலத்தில் ஒரு குடும்பம் படப்பிடிப்பு நிலையத்திற்குச் சென்றால், அச்சிட்ட படம் வீட்டிற்கு வரும்; நெகட்டிவ் நிலையத்திலேயே தங்கும்; மற்றொரு படம் மாமன் வீட்டுச் சுவரில் தொங்கும். எண்ணாமலே மூன்று இடங்களில் படிகள் அமைந்துவிட்டன. இன்று படங்களின் தொகை பெருகிவிட்டது; படிகளின் தொகையோ ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

இக்குறையைப் போக்க எளிய கருவி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதுவே கணினிக்கு வெளியே வைத்துப் பயன்படுத்தும் வன்தட்டு. ஹார்டு டிஸ்க் என்று வழங்குவது. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் ஐம்பது பெரிய தட்டுகள் இருந்தன. அத்துணைப் பெரிய கருவி ஐம்பது இலட்சம் எழுத்துகளையே ஏற்றது. இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றிரண்டிற்கு மேல் அதில் அடங்கா. இன்றோ உள்ளங்கையில் அடங்கும் ஒரு டெராபைட் வன்தட்டில், ஒரு படம் மூன்று மெகாபைட் எனக் கொண்டால், மூன்று இலட்சம் படங்களுக்கு மேல் வைக்கலாம்.

ஆயினும், வன்தட்டு ஒன்று வாங்கியவுடன் கவலை தீர்ந்தது என்று எண்ணலாகாது. அதனுள்ளே காந்தப் பூச்சுடைய தட்டு விரைந்து சுழல்கிறது. எழுதவும் படிக்கவும் வல்ல முனை, அத்தட்டைத் தொடாமல், தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் மிதந்து செல்கிறது. வேலை செய்யும்போது கீழே விழுந்தால் முனை தட்டில் மோதும், படங்கள் பாழாகும். விழாவிட்டாலும் சில ஆண்டுகளில் அது தேய்ந்து பழுதாகக் கூடும். சுழலும் தட்டில்லாத மின்னணுச் சேமிப்புக் கருவிகள் அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால், மின்சாரம் ஊட்டாமல் பல்லாண்டு பெட்டியில் வைத்தால் அவற்றில் பதிந்தவை மங்கிப் போகக் கூடும். எந்தக் கருவியும் சாகாவரம் பெற்றதன்று.

“படங்கள் இணையச் சேமிப்பகத்திற்குத் தாமே சென்றுவிடுகின்றன, வேறு காவல் எதற்கு?” என்று சிலர் வினவுவர். இணையச் சேமிப்பகம் நல்ல துணையே. ஆனால், கைப்பேசியோடு இணைந்தே இயங்கும் சேமிப்பகங்கள் பலவற்றில், கைப்பேசியில் அழித்த படம் அங்கும் அழிந்துவிடும். கடவுச்சொல்லை மறந்தாலும் கட்டணம் நின்றாலும் கதவு அடைபடும். பெரிய நிறுவனங்களிலும் பேரிழப்பு நேர்வதுண்டு. 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசின் தகவல் மையம் தீப்பற்றியது. அதில் அரசு ஊழியர் கோப்புகளுக்கென அமைந்த சேமிப்பகம் ஒன்று எரிந்தது. அதிலிருந்த 858 டெராபைட் செய்திகளுக்கு வெளியே வேறு படியில்லை. ஓர் அரசுக்கே இந்நிலை நேருமாயின், தனி மனிதர் விழிப்பாயிருத்தல் எத்துணை இன்றியமையாதது!

ஆகவே, பின்பற்றத் தக்க நெறி இதுவாகும்: படிகள் மூன்று, அவற்றை வைக்கும் கருவி வகைகள் இரண்டு, ஒரு படியேனும் வேற்றூரில். அமெரிக்க நிழற்படக் கலைஞர் பீட்டர் குரோக் என்பவர் தம் நூலின் வாயிலாக இந்நெறியைப் பரப்பினார். கைப்பேசியிலோ கணினியிலோ ஒன்று, வீட்டு வன்தட்டில் ஒன்று, வெளியூரில் ஒன்று என இதனை எவரும் கைக்கொள்ளலாம்.

வேற்றூர்ப் படி எதற்கு எனின், நம் மாவட்டமே விடை கூறும். 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, விழுப்புரம் மாவட்டம் பெருவெள்ளத்திற்கு உள்ளாயிற்று. செஞ்சிக்குத் தென்கிழக்கே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வீட்டினுள் புகுந்தால், மேசைமேலுள்ள கணினிக்கும் பீரோவின் அடித்தட்டில் உள்ள வன்தட்டுக்கும் ஒரே கதிதான். செஞ்சியில் வாழ்பவர் ஒரு வன்தட்டைச் சென்னையிலுள்ள மகள் வீட்டில் வைத்திருப்பாராயின், அது இராஜாராமுக்குச் செஞ்சி உதவியதுபோல் உதவும்.

இதற்குச் செலவாகும் என்பது உண்மையே. ஆயினும், மணவிழாவில் படமெடுப்பதற்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கே வன்தட்டின் விலை. படம் எடுக்கக் கொடுத்தவர் அதனைக் காக்கவும் கொடுத்தல் முறையாகும். வாங்க இயலாதோர், சிறந்த படங்கள் சிலவற்றையேனும் தாளில் அச்சிட்டு உறவினர்க்குக் கொடுக்கலாம். அதுவும் ஒரு படியே. வாட்ஸ்அப் வழியே வழக்கம்போல் அனுப்பும் படம் சுருங்கித் தெளிவு குன்றுவதால், அதனை மூலப்படிக்கு ஈடாகக் கொள்ளலாகாது.

படியெடுத்தபின் வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றி வைத்தல் வேண்டும்; இணைந்தே இருப்பின் கணினியைத் தாக்கும் நச்சுநிரல் அதனையும் தாக்கும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் திறந்து பார்த்தல் வேண்டும். போகியன்று வீட்டில் பழையன கழிக்கிறோம். அன்றே பயனற்ற படங்களை நீக்கி, எஞ்சியவற்றிற்கு ஆண்டும் இடமும் ஆட்களின் பெயரும் குறித்து வைப்போமாக. பெயரறியாத முகம் இரண்டு தலைமுறைக்குப் பின் யாருக்கும் உறவாகாது.

2025ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியப் படையரண்கள் என்னும் தொகுதியில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. அவற்றுள் தமிழகத்தில் உள்ளது செஞ்சி ஒன்றே. கோட்டையின் கல்லைக் காக்க அரசு உண்டு. ஆனால், அதன் அடிவாரத்தில் வாழ்ந்த மக்களின் முகமும் உடையும் தெருவும் திருவிழாவும் வீட்டுப் படங்களில்தான் இருக்கின்றன. அவற்றைக் காப்பதற்கு அவ்வவ் வீட்டாரை அன்றி வேறு காவலர் இல்லை. இளைஞர்களே! கருவிகளைக் கையாள்வதில் உங்கள் பெற்றோரினும் நீங்கள் வல்லவர்கள். ஆதலின், இக்காவற் பணியை நீங்களே ஏற்றல் வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனைப் படங்கள் உள்ளன என்று எண்ணுவதோடு நில்லாது, ஒவ்வொன்றிற்கும் எத்தனைப் படிகள் உள்ளன என்றும் கேளுங்கள். ஒன்றே எனின், இன்றே மற்றொன்று எடுங்கள்.