பழைய காரும் எழுதாத கணக்கும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள நம் பகுதி கார்களின் பிறப்பிடம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார் தயாரிக்கிறது. ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான் ஆலை 2010இல் தொடங்கப்பட்டது. இந்த ஆலைகளிலோ அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் கம்பெனிகளிலோ வேலை செய்யும் ஒருவராவது இல்லாத குடும்பங்கள் இங்கே குறைவு. ஆயினும் அதே குடும்பங்களில் பெரும்பாலானவை ஓட்டுவது பத்து, பன்னிரண்டு ஆண்டு பழைய கார்களைத்தான். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. இனியும் கம்பெனி சர்வீஸில் விடுவதா, வெளியில் மெக்கானிக்கிடம் கொடுப்பதா?"

இதை வெறும் பணக் கேள்வியாக நாம் கருதவில்லை. மனைவி, மக்கள், முதிய பெற்றோர் ஆகியோரை ஏற்றிச் செல்லும் வாகனத்தின் பிரேக்கை ஒருவர் கையில் ஒப்படைக்கிறோம். அது அமானத். யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதைப் போலவே எப்படி ஒப்படைக்கிறோம் என்பதற்கும் நாம் பொறுப்பாளிகள்.

நம் பக்கத்திலேயே நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். மறைமலைநகர் ஆலையிலிருந்து ஃபோர்டு 1999இல் ஐகான் காரைக் கொண்டுவந்தது. பின்னர் ஃபிகோ, ஈகோஸ்போர்ட் முதலியவையும் அங்கிருந்து வந்தன. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலைநகரில் கடைசிக் கார் வெளிவந்தது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடர்ந்து கிடைக்கும் என்று நிறுவனம் உறுதியளித்திருந்தது. ஆனால் புதுக் கார் விற்காத இடத்தில் முன்பிருந்த அளவுக்கு சர்வீஸ் மையங்கள் நிலைப்பதில்லை. "எப்போதும் கம்பெனியில்தான்" என்று இருந்த பலர் ஒரே நாளில் வெளி மெக்கானிக்கைத் தேட வேண்டியதாயிற்று. முன்பே ஒரு நல்ல மெக்கானிக்கை அறிந்து வைத்திருந்தவர்கள் தடுமாறவில்லை. பெரிய பெயர்ப் பலகையும் ஒருநாள் இறக்கப்படலாம் என்பதை ஃபோர்டு கார் வைத்திருந்தவர்கள் நேரில் கண்டார்கள்.

இரண்டு இடங்களின் நிறை குறைகளையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கம்பெனி சர்வீஸில் அந்தக் காருக்கென்றே உள்ள ஸ்கேனர், அசல் உதிரிபாகம், பயிற்சி பெற்ற ஆள், கணினியில் பதிவாகும் வரலாறு ஆகியவை உண்டு. ஆனால் கூலி அதிகம். பழுது பார்க்கக்கூடிய பாகத்தையும் முழுதாக மாற்றச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் க்ளீனிங், அடிப்பகுதிக் கோட்டிங் என்று நாம் கேட்காதவையும் எஸ்டிமேட்டில் ஏறிவிடுகின்றன. பன்னிரண்டு ஆண்டு பழைய காருக்கு இவற்றில் எது தேவை என்று கேட்டு அறிய நமக்கு உரிமை உண்டு.

வெளி ஒர்க்‌ஷாப்பில் கூலி குறைவு. வேலை செய்பவரிடமே நேரில் பேசலாம். ஒரு மோட்டாரை மாற்றாமல் அதன் புஷ்ஷை மட்டும் மாற்றி ஓடவைக்கும் கைத்திறன் அங்கே உண்டு. ஆனால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கிய பாகம் அசலா போலியா, புதுப்பேட்டையில் கழற்றிய பழைய பாகமா என்பது அவருடைய சொல்லை மட்டுமே நம்பி நிற்கிறது. புதிய தொழில்நுட்பம் தெரியாத கையால் கேடும் வரலாம். ஈகோஸ்போர்ட்டின் ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. நிறுவனம் குறித்த தரத்தில் இல்லாத ஆயிலை ஊற்றினால் அந்த பெல்ட் கெடும். பெல்ட் போனால் எஞ்சினே போகலாம். ஆயிலில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய் அங்கே உதவாது.

வெளி மெக்கானிக் பின்தங்கியதற்கு அவர் மட்டுமே காரணமல்லர். அசல் பாகங்களும் ஸ்கேனர்களும் வெளிச்சந்தைக்குக் கிடைக்காமல் நிறுவனங்கள் தடுத்து வைத்திருக்கின்றன என்ற புகார் 2011இல் இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் வந்தது. விசாரித்த ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை முழுதாக ரத்துசெய்யும் நிபந்தனை கூடாது என்றும் உத்தரவிட்டது. மேல்முறையீடுகளால் வழக்குகள் நீண்டன. எனினும், வாங்கிய பொருளை எங்கே பழுது பார்ப்பது என்று தீர்மானிக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்ற கொள்கை அங்கே பதிவாகிவிட்டது.

ஆகவே நம் கருத்து இதுதான்: காரைப் பிரிக்காதீர்கள், வேலையைப் பிரியுங்கள். ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், பேட்டரி, சஸ்பென்ஷன், கிளட்ச், ஏ.சி. கேஸ் போன்ற வழக்கமான வேலைகளை நல்ல வெளி மெக்கானிக்கிடம் தாராளமாகக் கொடுக்கலாம். ஏர்பேக், ஏ.பி.எஸ்., எஞ்சின் கணினி, சாவி புரோகிராமிங் ஆகியவற்றைக் கம்பெனியிலோ, அதற்குரிய கருவியும் பயிற்சியும் உள்ள இடத்திலோ மட்டும் செய்யுங்கள். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் ஆகியவற்றுக்குக் கழற்றிய பழைய பாகத்தை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். வெளியில் சர்வீஸ் செய்பவரும் ஆண்டுக்கு ஒருமுறை சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, ரீகால் ஏதும் நிலுவையில் உள்ளதா என்று கம்பெனியில் கேட்கவேண்டும். தகாட்டா ஏர்பேக் குறைபாட்டுக்காக ஹோண்டா நிறுவனம் இந்தியாவில் பழைய கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாகப் பாகம் மாற்றித் தந்தது. கேட்காதவருக்கு அந்த ஆபத்து காரிலேயே தங்கியிருக்கும்.

எங்கே கொடுத்தாலும் மூன்றை விடாதீர்கள். வேலை தொடங்குமுன் எழுதப்பட்ட எஸ்டிமேட், முடிந்தபின் கழற்றிய பழைய பாகம், பாகத்தின் விலையும் கூலியும் தனித்தனியே காட்டும் பில்.

இங்கேதான் நம் சமுதாயத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். "நம்ம பாய்தானே, எழுதிக் கேட்டால் மனம் வருந்துவார்" என்று சும்மா இருந்துவிடுகிறோம். பிறகு தொகை கூடினால் அவர் இல்லாத இடத்தில் அவரைப் பேசுகிறோம். புறம் பேசிய பாவமும் சேர்ந்துகொள்கிறது. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? தொழுகையையோ நோன்பையோ பற்றியதன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது (2:282). ஈமான் கொண்டவர்களை அழைத்தே அந்தக் கட்டளை வருகிறது. எழுதுவது சந்தேகத்தின் அடையாளம் என்றால் அவர்களிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. எழுத்து இரு தரப்பாரின் மானத்தையும் காக்கிறது. தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, ஈரத்தை உள்ளே மறைத்த வியாபாரியை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை மதரஸாப் பிள்ளைகள் அறிவார்கள். பழைய பாகத்தைக் காட்டச் சொல்வதும் குவியலின் உள்ளே பார்ப்பதுதான்.

சிறிய கடைக்காரர் "எனக்கு ஜி.எஸ்.டி. எண் இல்லையே, பில் எப்படித் தருவது?" என்று கேட்கலாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டவர்கள் பொதுவாக அந்தப் பதிவைப் பெறவேண்டியதில்லை. ஒரு வெள்ளைத் தாளில் தேதி, வண்டி எண், கிலோமீட்டர், செய்த வேலை, வாங்கிய தொகை ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்டால் போதும். நாளை காரை விற்கும்போது அந்தத் தாள்களே அதன் வரலாறு. பதிவு பெற்றவரிடம் "பில் வேண்டாம், வரியைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று நாமே கேட்பதோ வேறு விஷயம். அது அவரைத் தவறுக்குத் தூண்டுவதாகும்.

மெக்கானிக்குக்கு நாம் செலுத்தவேண்டிய கடமையும் உண்டு. கூலியை முன்பே பேசி முடிக்காமல், வேலை முடிந்து கை கழுவும்போது பேரம் பேசுவது அநியாயம். கம்பெனி சர்வீஸில் கேட்ட தொகையை முணுமுணுக்காமல் கார்டில் செலுத்திவிட்டு, வெயிலில் காருக்கு அடியில் படுத்தவரிடம் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சொல்வது அதைவிடப் பெரிய அநியாயம். வேர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. உறவும் சமுதாயமும் தள்ளுபடிச் சீட்டுகள் அல்ல. அதேபோல் நம்மவர் என்பதற்காகவே வேலை தெரியாத கையில் குடும்பத்தின் உயிரை ஒப்படைப்பதும் தகாது. திறமையும் நேர்மையும் உள்ளவர் எந்தச் சமுதாயத்தவராக இருந்தாலும் அவரிடமே கொடுங்கள்.

இந்த வாரம் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் வண்டி எண்ணையும் இன்றைய கிலோமீட்டரையும் எழுதுங்கள். அடுத்த சர்வீஸுக்குப் போகும்போது அதைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும், ஒப்படைத்ததைப் பேணும் பொறுப்பையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.