பாட்டியின் நடைக்கும் பச்சை விளக்கு வேண்டும்

விக்டோரியாவின் மல்கிரேவில் பேரப்பிள்ளைகளோடு தங்க ஊரிலிருந்து வரும் பெற்றோர் பலருக்கு ஸ்பிரிங்வேல் ரோட்டைக் கடப்பது பெரும்பாடு. பச்சை மனிதன் சில விநாடிகளில் மறைந்து, பாதி ரோட்டில் நிற்கும்போதே சிவப்பு மின்னத் தொடங்கிவிடும். சிலர் பதறித் திரும்புகிறார்கள், சிலர் ஓடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். பச்சை எரிந்தால் ரோட்டில் இறங்கலாம். சிவப்பு மின்னினால் புதிதாக இறங்கக் கூடாது. இறங்கியவர்கள் கடந்து முடிக்கலாம்.

சிக்கல், மின்னும் அந்த நேரத்தின் கணக்கில் இருக்கிறது. விநாடிக்கு 1.2 மீட்டர் நடை என்பது பொறியாளர்களின் வழக்கமான அளவு. 24 மீட்டர் அகல ரோட்டுக்கு 20 விநாடி. முழங்கால் வலியோடு 0.8 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கோ 30 விநாடி தேவை. குறைகிற அந்தப் பத்து விநாடிக்குள் குறுக்கே வரும் வண்டிகளுக்குப் பச்சை விழுந்துவிடக்கூடும்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ‘பஃபின்’ வகைக் கடவையில் உயரே பொருத்திய உணரி, ஆள் இன்னும் ரோட்டில் இருப்பதைக் கண்டு வாகனங்களுக்கான சிவப்பை நீட்டிக்கும். பொத்தானை அழுத்தியவர் போய்விட்டால் அழைப்பை ரத்து செய்துவிடும். ஓட்டுநர்களும் வீணாகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மற்ற இடங்களில் யாருக்கு முன்னுரிமை என்பது கடவைக்குக் கடவை மாறும். வரிக்கோட்டுக் கடவையில் ஓட்டுநர் வழிவிட்டே ஆக வேண்டும். பள்ளிக் கடவை, கொடிகள் நட்டிருக்கும் நேரத்தில் மட்டுமே செல்லும். பணியாளர் ‘ஸ்டாப்’ பலகையை உயர்த்தினால் வண்டிகள் நின்றாக வேண்டும். நடுத்திட்டு மட்டும் உள்ள இடத்தில் காத்திருக்க வேண்டியது நாம்தான். சந்திப்பில் இடப்பக்கம் பிரியும் தனிப்பாதையில் உரிமை நமக்கு. ஆனாலும் ஓட்டுநரின் கண் வலப்பக்க வாகனங்கள் மீதே இருக்கும், அவர் நம்மைப் பார்த்துவிட்டாரா என்று உறுதி செய்த பிறகே இறங்குங்கள். ரவுண்டபவுட்டில் கடவைக் கோடு இல்லாவிட்டால், வெளியேறும் வண்டி நமக்கு நிற்க வேண்டும் என்ற விதி விக்டோரியாவில் இல்லை.

முதியோர் அதிகம் நடக்கும் அகல ரோடுகளில் மெதுவான நடையைக் கொண்டே நேரம் கணக்கிட வேண்டும். உணரியும் பொருத்த வேண்டும். ஸ்பிரிங்வேல் ரோடு மாநிலப் போக்குவரத்துத் துறையின் பொறுப்பு. உள்ளூர்த் தெருக்கள் மொனாஷ் நகராட்சியின் பொறுப்பு. எந்தச் சந்திப்பு, எந்தத் திசை, எத்தனை விநாடி போதவில்லை என்று குறித்து எழுதுங்கள். விவரத்தோடு வரும் கடிதத்தை எளிதில் ஒதுக்க முடியாது.

– கட்டுரையாளர், போக்குவரத்துப் பொறியாளர்