தகட்டை மாற்றுவதா? தட்டி எடுப்பதா?

பெங்களூர் நெரிசலில் கார் ஓட்டுகிறவருக்கு வண்டியில் ஒரு நசுங்கல் விழுவது புதுமையல்ல. ஆட்டோ உரசும். பைக் இடிக்கும். கதவு உள்வாங்கிவிடும். கடன் வாங்கிப் பழைய கார் வாங்கிய குமாஸ்தாவானாலும், வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் தொழிலாளியானாலும், பெரிய பட்டறை வாசலில் அவர் காதில் விழும் முதல் வார்த்தை இதுதான்:

"கதவையே மாத்திடலாம் சார். இன்சூரன்ஸ்தானே தருது!"

இதை நம்பித் தலையாட்டியவர்கள் பில் வந்த பிறகுதான் விழிக்கிறார்கள்.

சாதாரண முழுக் காப்பீட்டுப் பாலிசியில் தேய்மானக் கழிவு என்று ஒன்று உண்டு. வண்டிக்கு வயது 5க்கு மேல் 10க்குள் என்றால், புதிய உலோகப் பாகத்தின் விலையில் 40 சதவீதம் வண்டிக்காரர் தலையில் விழும். 15,000 ரூபாய்க்குக் கதவு போட்டால் 6,000 ரூபாய் அவர் பணம். பிளாஸ்டிக் பம்பர் என்றால், வண்டி புதிதானாலும் பாதி விலை அவருடையது.

ஆனால் தட்டிச் சரி செய்யும் கூலியில் இந்தக் கழிவு கிடையாது! பெயிண்டில் பொருள் செலவுக்கு மட்டுமே பாதி கழியும். தேய்மானக் கழிவு வேண்டாம் என்று தனிப் பிரீமியம் கட்டியவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. இதை எத்தனை பட்டறைகள் வாய் திறந்து சொல்கின்றன?

சொல்லாததற்குக் காரணம் உண்டு. பாகம் விற்றால் லாபம். வேலையும் சீக்கிரம் முடியும். தட்டி எடுக்கத் தெரிந்த கையும் குறைந்து வருகிறது.

டிங்கர் வேலை சுத்தியல் பிடித்தவனெல்லாம் செய்யும் வேலையல்ல. தகட்டின் மறுபுறம் டாலி என்னும் இரும்புக் கட்டியைக் கொடுத்து, கடைசியில் நசுங்கிய இடத்தை முதலில் எடுக்க வேண்டும். இழுபட்ட தகட்டைச் சூடு காட்டி, ஈரத்துணியால் ஒற்றிச் சுருக்க வேண்டும். மேடு பள்ளத்தை உள்ளங்கை தடவியே கண்டுபிடிக்க வேண்டும். வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து இந்தக் கைவேலையால் குடும்பத்தைக் காப்பாற்றும் தமிழர்களும் இந்நகரத்தில் உண்டு.

எல்லாவற்றையும் தட்டியே தீர வேண்டும் என்பதல்ல. கிழிந்த தகடும் துரு தின்ற தகடும் மாற்ற வேண்டியவைதான். புதிய கார்களின் தூண்களில் உயர் வலுவுள்ள எஃகு இருக்கிறது. அதற்குக் கேஸ் நெருப்புக் காட்டினால் பலம் போய்விடும். அங்கே உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. விரல் கனத்துக்குப் பட்டி அப்பிப் பெயிண்ட் அடித்து ஏமாற்றும் ஆசாமிகளால்தான் தொழிலுக்கே கெட்ட பெயர். இரும்புத் தகட்டில் காந்தத்தை வைத்துப் பார்த்தால் ஒட்டாத இடத்தில் அந்தக் குட்டு வெளிப்படும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கதவும் பானெட்டும் போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும். பின்சக்கரத்துக்கு மேலுள்ள தகடோ வெல்டிங் செய்யப்பட்டது. அதை அறுத்தெடுத்தால் கம்பெனி வெல்டிங்கும் துருத்தடுப்பும் கூடவே போகும். சின்ன நசுங்கலுக்கு இத்தனை பெரிய அறுவைச் சிகிச்சை எதற்கு? பெரம்பூரில் ரயில் பெட்டியைப் பழுது பார்க்கும்போதுகூட, துருப்பிடித்த இடத்தை மட்டும் வெட்டிப் புதுத் தகடு வைக்கிறார்கள்.

ஆகவே, தட்டினால் எவ்வளவு, மாற்றினால் எவ்வளவு, அதில் வண்டிக்காரர் பங்கு எவ்வளவு என்று இரண்டு கணக்கையும் எழுதிக் கொடுப்பதைப் பட்டறைகளுக்குக் கட்டாயமாக்க வேண்டும். சேதத்தைப் பார்வையிட வரும் சர்வேயரும் நல்ல கைவேலைக்கு உரிய கூலியை வெட்டாமல் எழுத வேண்டும். ஐ.டி.ஐ.க்களில் வாகன உடல் பழுதுபார்ப்புக்கு ஓராண்டுப் பயிற்சி இருக்கிறது. கூலி நியாயமாகக் கிடைத்தால் அதில் சேரப் பையன்களும் வருவார்கள்.

வண்டிக்காரர் செய்ய வேண்டியது ஒன்றுதான். மாற்றச் சம்மதிக்குமுன், "தட்டி எடுக்க முடியாதா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்பவர் பணமும் மிஞ்சும். தட்டுபவர் வீட்டு அடுப்பும் எரியும்.