தளபதிக்கு விழுந்த தமிழ் வாக்குகள்

2010 ஜனவரி 26ஆம் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலின் முடிவுகள் வந்துகொண்டிருந்த இரவு, நான் பத்திரிகை அலுவலகத்தில் இருந்தேன். யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய நான்கு மாவட்டங்களிலும் சரத் பொன்சேகாவே முன்னணியில் நின்றார். எட்டு மாதங்களுக்கு முன்னர் முள்ளிவாய்க்காலில் முடிவுற்ற போரை இராணுவத் தளபதியாக நடத்தியவர் அவர். இந்நாடு சிங்களவருக்கே உரியது என்று 2008இல் கனேடியப் பத்திரிகையொன்றுக்குக் கூறியவரும் அவரே.

தமிழர் எல்லாவற்றையும் மறந்துவிட்டனர் என்று தென்னிலங்கை நண்பர்கள் சிலர் மகிழ்ந்தனர். நான் உடன்படவில்லை. யாழ்ப்பாணத்தில் நால்வரில் ஏறக்குறைய ஒருவரே வாக்களித்தார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வேண்டுகோளை ஏற்றுச் சென்றவர்களும் மகிந்த ராஜபக்ஷவுக்கு எதிராகவே புள்ளடியிட்டனர். அது மன்னிப்பு அன்று.

அடுத்த மாதமே பொன்சேகா கைதானார். இராணுவ நீதிமன்றம் அவரது பதவிநிலையைப் பறித்தது, சிறையும் சென்றார். தமக்கு நீதி மறுக்கப்பட்டதாக அவர் முறையிட்டார். அம்முறைப்பாட்டில் நியாயம் இருந்தது. 2012இல் விடுதலை பெற்று, 2015இல் பீல்ட் மார்ஷலானார்.

2009 மே மாதம் பிள்ளைகளை இராணுவத்திடம் கையளித்ததாகக் கூறும் தாய்மாருக்கு இன்றுவரை பதிலில்லை. நீதியின் அருமையைச் சிறையில் உணர்ந்த தளபதி, அவர்களுக்காகவும் அதனைக் கேட்டிருக்க வேண்டும்.