ஆக்கிரமிப்பு நிலத்தில் கம்பெனி ரயில் பாதை போட்டால் யார் குற்றவாளி? ஜெருசலேம் டிராம் வழக்கு சொல்வது என்ன?

சென்னை மெட்ரோவில் போயிருக்கீங்களா? முதல் கட்டப் பாதையில் ஓடும் ரயில்களைத் தயாரித்தது அல்ஸ்டாம் என்ற பிரெஞ்சு நிறுவனம். சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டியில் அதற்குத் தொழிற்சாலையும் உண்டு. இதே நிறுவனம், ஜெருசலேமில் போட்ட டிராம் பாதைக்காக பிரான்ஸ் நீதிமன்றங்களில் ஆறு வருஷம் வழக்கு நடத்த வேண்டி வந்தது.

பிரெஞ்சு கோர்ட், பிரெஞ்சு சட்டம் என்றால் புதுச்சேரிக்காரர்களுக்கு அந்நியமான விஷயம் இல்லை. சாரத்தில் தெருவுக்கு ஒருத்தருக்காவது பிரான்ஸில் சொந்தம் இருக்கும். அதனால் இந்த வழக்கைக் கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடலாம்.

என்ன வழக்கு?

1967 போரில் கிழக்கு ஜெருசலேமை இஸ்ரேல் கைப்பற்றியது. அங்கே இஸ்ரேலியர்களுக்கான குடியிருப்புகளைக் கட்டியது. அப்படிப்பட்ட ஒரு குடியிருப்பான பிஸ்கட் செயெவ்வை மேற்கு ஜெருசலேமோடு இணைக்கிறது 2011-ல் ஓடத் தொடங்கிய டிராம். அல்ஸ்டாமும் வியோலியா என்ற இன்னொரு பிரெஞ்சு நிறுவனமும் இந்தத் திட்டத்தில் பங்குதாரர்களாக இருந்தன.

ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரி பிரான்ஸ்-பாலஸ்தீன ஒற்றுமைச் சங்கம் 2007-ல் நாந்தேர் நீதிமன்றத்துக்குப் போனது. பாலஸ்தீன விடுதலை இயக்கமும் சேர்ந்துகொண்டது.

எந்தச் சட்டம் மீறப்பட்டதாம்?

1949-ன் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம், 49-வது பிரிவு. ஆக்கிரமித்த நாடு தன் சொந்த மக்களை அந்த நிலத்தில் கொண்டுபோய்க் குடியேற்றக் கூடாது என்கிறது. டிராமில் பாலஸ்தீனர்களும் ஏறலாம்தான். ஆனால் குடியேற்றத்தை நிரந்தரமாக்கும் பாதை இது என்பதே வழக்குப் போட்டவர்களின் வாதம்.

இங்கே ஒரு சொல்தான் எல்லாத்தையும் தீர்மானிக்கிறது. ஜெருசலேம் முழுவதும் தன் தலைநகர் என்கிறது இஸ்ரேல். மேற்குக் கரையை 'சர்ச்சைக்குரிய பகுதி' என்கிறது. சர்வதேச நீதிமன்றமோ 2004-லும் 2024-லும் கிழக்கு ஜெருசலேமையும் மேற்குக் கரையையும் 'ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி' என்றே சொன்னது. ஆக்கிரமிப்பு என்று ஆகிவிட்டால் ஜெனீவா ஒப்பந்தம் வந்துவிடும்.

கோர்ட் என்ன சொன்னது?

2011-ல் நாந்தேரில் தோல்வி. 2013 மார்ச் 22-ல் வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோல்வி. காரணம் எளிமையானது: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவை நாடுகள், கம்பெனிகள் இல்லை. நாட்டைக் கட்டுப்படுத்தும் விதி கம்பெனியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்திலும் இதே கதைதான். அங்கே தனிநபரை மட்டுமே கூண்டில் ஏற்றலாம். 1998-ல் ரோமில் நடந்த பேச்சில் நிறுவனங்களையும் சேர்க்கணும் என்று கேட்டதே பிரான்ஸ்தான்! அது ஏற்கப்படவில்லை.

அப்போ கம்பெனி தப்பிச்சிடுமா?

முழுசா இல்லை. மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, பெயர் வெளியே வருவது. குடியேற்றங்களோடு தொழில் செய்யும் 112 நிறுவனங்களின் பட்டியலை ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2020-ல் வெளியிட்டது. அதில் அல்ஸ்டாமும் இருந்தது. 2025-ல் பட்டியல் 158 ஆனது. தண்டனை கிடையாது, ஆனால் முதலீட்டாளர்கள் இதைப் பார்க்கிறார்கள்.

இரண்டு, நாடுகளுக்கு உள்ள கடமை. அந்த ஆக்கிரமிப்பு நீடிக்க உதவும் வர்த்தக, முதலீட்டு உறவுகளை நாடுகள் தடுக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் கருத்து சொன்னது. இது ஆலோசனைக் கருத்துதான், யாரையும் கட்டாயப்படுத்தாது.

மூன்று, சொந்த நாட்டுச் சட்டம். இதுதான் பல் உள்ள வழி. பெரிய நிறுவனங்கள் வெளிநாட்டிலும் மனித உரிமை மீறல்களைக் கண்டறிந்து தடுக்கத் திட்டம் போட வேண்டும் என்று 2017-ல் பிரான்ஸ் சட்டம் கொண்டுவந்தது. சிரியா போரின்போது ஆலையை நடத்த ஐ.எஸ். அமைப்புக்குப் பணம் கொடுத்த சிமென்ட் நிறுவனம் லஃபார்ஜ் மீதான 'மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்கு உடந்தை' என்ற குற்றச்சாட்டு நிற்கும் என்று 2024 ஜனவரியில் பிரான்ஸின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதாவது, கம்பெனியையே கூண்டில் ஏற்ற முடியும்.

இந்தியா எங்கே நிற்கிறது?

சர்வதேச நீதிமன்றக் கருத்தை ஒட்டி 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானத்துக்கு 124 நாடுகள் ஆதரவு. இந்தியா வாக்களிப்பைப் புறக்கணித்தது. ஆனால் பாகிஸ்தான் ஆக்கிரமிப்புக் காஷ்மீர் வழியாகப் போகும் சீனா-பாகிஸ்தான் பொருளாதார வழித்தடத்தில் மூன்றாவது நாடுகள் பங்கெடுப்பது தன் இறையாண்மையை மீறுவது என்று 2022 ஜூலையில் கண்டித்ததும் இந்தியாதான். தன் நிலம் என்று வரும்போது, அங்கே கட்டுமானம் செய்பவர் யார் என்ற கேள்வி நமக்கும் பெரிய கேள்விதான்.

நிலத்தை இழந்தவருக்கு இன்றைய நிலை இதுதான்: ஆக்கிரமித்த நாட்டின் மேல் அவரால் சுலபமாக வழக்குப் போட முடியாது, கம்பெனியை நேரடியாகப் பிடிக்க சர்வதேசச் சட்டத்தில் இடமில்லை. மிச்சம் இருப்பது அந்தக் கம்பெனியின் சொந்த ஊர் கோர்ட். அங்கே என்ன சட்டம் இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது அந்த நாட்டு வாக்காளர்கள். அந்த வாக்காளர்களில் சிலர் புதுச்சேரியிலும் இருக்கிறார்கள்.